சளி உள்ளவர்கள் உள்ளே வர வேண்டாம்

முப்பத்திரண்டு வயதில் பணி ஓய்வுக் கட்டுரை எழுதுகிறவன் அநேகமாக நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஓய்வு எனக்கு இல்லை, நான் பார்த்த வேலைக்குத்தான். கன்னியாகுமரி மாவட்டத்துப் பன்றிகளுக்கு வரும் சளிக்காய்ச்சலைக் கவனிப்பதற்காகத் தொடங்கிய எங்கள் திட்டத்தை மூடிவிட்டார்கள். மாதிரிகள் வைத்திருந்த குளிர்பெட்டிகளை லாரி வந்து ஏற்றிக்கொண்டு போனது. இப்போது நான் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் மனிதர்களின் இரத்தத்தைப் பரிசோதிக்கிறேன். அங்கே புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர், "அண்ணே, பன்னிக்கு எதுக்கு டெஸ்ட்டு?" என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்டுச் சிரிக்கிறார்கள். சாயா குடிக்கிற நேரத்துக்குள் சொல்லி முடிகிற விஷயமில்லை. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அப்பா கடலுக்குப் போகிறவர். அம்மை மீன் சுமந்து விற்றே என்னை ஆய்வக டிப்ளமோ வரை படிக்க வைத்தார். வேலை கிடைத்த அன்று ஓடிப்போய் முதலில் அவரிடம்தான் சொன்னேன்.

"என்ன வேல மக்கா?"

"பன்னி மூக்குல இருந்து சளி எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பணும்மா."

அம்மை மீன் கூடையைக் கீழே இறக்கினார். "ஒனக்கு மூக்கு ஒழுகச்சில எல்லாம் நான்தான் எடுத்துவிட்டேன். எனக்கு எவன் சம்பளம் தந்தான்?"

வலை பின்னிக்கொண்டிருந்த அப்பா தலை நிமிராமலே சொன்னார்: "லே ஆன்றோ, மீனுக்குச் சளி புடிச்சா நான் சொல்லி விடுகேன்."

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பஞ்சுக் குச்சியை எவ்வளவு ஆழம் விடுவது, எப்படித் திருப்பி எடுப்பது, எடுத்ததை இளஞ்சிவப்பு நீர் உள்ள குப்பியில் எப்படி முறித்துப் போடுவது, ஐஸ் பெட்டியை வெயிலில் வைக்கக் கூடாது, குப்பியைச் சாய்க்கக் கூடாது. இவ்வளவும் முதல் மழைக்கு முன்பே பழகிவிட்டது. கொரோனாவுக்குப் பிறகு மூக்கில் குச்சி விடுவது ஊரில் யாருக்கும் புதுமை இல்லை. பண்ணைக்காரர்கள்தான் கேலி செய்வார்கள். "பன்னிக்கும் ஆதார் கார்டு கேப்பியளா?" என்று ஒருவர் கேட்டார்.

வேலை என்றால் என்ன என்று நான் கற்றுக்கொண்டது பகவதி டாக்டர் வேலை செய்வதைப் பார்த்துத்தான். என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். தோவாளைப் பக்கம் வயல்காட்டுக் கிராமம், சைவ வேளாளர் குடும்பம். வீட்டுக்குள் முட்டை ஓடுகூட வந்ததில்லை. அந்த வீட்டிலிருந்து கால்நடை மருத்துவம் படித்து, மாடு பார்ப்பார் என்று எல்லோரும் நினைத்திருக்க, பன்றிக்குப் போய் நின்றவர். "எங்க மாமா இப்பவும் என்னை மாட்டு டாக்டர்னுதான் சொல்லிக்குவாரு. பன்னின்னு சொன்னா அவருக்கு வாய் கொப்பளிக்கணும்" என்பார்.

பண்ணைக்குப் போனால் அவர் முதலில் ஒன்றுமே செய்யமாட்டார். கொட்டகை ஓரமாக நிற்பார். நாங்கள் வந்த கலவரம் அடங்கி, பன்றிகள் எங்களை மறந்து தம் பாட்டுக்குத் தின்னவும் புரளவும் தொடங்கும் வரை நிற்பார். எது ஒதுங்கிப் படுத்திருக்கிறது, எது தீனித்தொட்டிக்கு வராமல் நிற்கிறது, எந்தப் பக்கமிருந்து இருமல் வருகிறது என்று பார்ப்பார். நாய் குரைப்பதுபோன்ற வறண்ட இருமல் அது. ஒருமுறை கேட்டால் பிறகு எந்தச் சத்தத்திலும் அதைத் தனியாகப் பிரித்து எடுத்துவிடலாம்.

பன்றியைப் பிடிக்க வழக்கமாகச் செய்வது, கம்பியாலான சுருக்கை வாய்க்குள் விட்டு மேல்தாடையில் கோரைப் பல்லுக்குப் பின்னால் இறுக்குவது. பன்றி பின்னால் இழுத்து நின்று அலறும். அந்த அலறலைக் கேட்டவர் அன்றைக்குச் சோறு தின்பது கஷ்டம். தவிர்க்க முடியாத இடத்தில் தவிர டாக்டர் அதைச் செய்யவிடமாட்டார். பதிலாகக் கொட்டகைக்குள் ஒரு பருத்திக் கயிற்றைத் தொங்கவிடுவோம். பன்றிக்குக் கயிறு கண்டால் சும்மா இருக்க முடியாது. ஒவ்வொன்றாக வந்து கடிக்கும், சப்பும், இழுக்கும். எச்சில் ஊறின கயிற்றைப் பைக்குள் விட்டுப் பிழிந்தால் கொட்டகை மொத்தத்துக்கும் மாதிரி கிடைத்துவிடும். ஒரு பன்றியும் அலறாது. நோய் இருக்கிறது என்று கயிறு காட்டிக்கொடுத்த கொட்டகையில் மட்டும் குச்சி.

முதலில் கட்டிய கயிறுகளைப் பன்றிகள் அவிழ்த்துத் தின்றன. நான் வேறொரு முடிச்சுப் போட்டேன். டாக்டர் அதை இழுத்துப் பார்த்தார்.

"இது என்ன கெட்டு ஆன்றோ?"

"வள்ளம் கெட்டுத கெட்டு டாக்டர். அப்பா போடுவாரு."

"எனக்கும் சொல்லித் தாங்க." அங்கேயே சாணியில் குந்தி, சரியாக வரும்வரை போட்டுப் பார்த்தார். அன்று ராத்திரி இதைச் சொன்னபோது அப்பா வலையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு நாள். மழையில் நனைந்து எனக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. குழித்துறைக்கு அந்தப் பக்கம் ஒரு பண்ணை. வாசலில் வண்டியை நிறுத்தி நான் தும்மியதும் டாக்டர் திரும்பிப் பார்த்தார்.

"ஆன்றோ, இன்னைக்கு நீங்க உள்ள வராண்டாம்."

"சின்னச் சளிதான் டாக்டர். எனக்கு ஒண்ணும் ஆகாது."

"உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு எனக்குத் தெரியும். அதுகளுக்கு ஆகும்."

ஐஸ் பெட்டியையும் கயிற்றையும் அவரே சுமந்துகொண்டு உள்ளே போனார். நான் வாசலில் நின்றேன். பண்ணைக்காரரின் நாய்கூட உள்ளே போய் வந்தது. பன்றிக்கு என்னைவிட மரியாதை என்று அன்று மனசு கொஞ்சம் வெம்பியது உண்மை. நாங்கள் முகக்கவசம் போடுவது பன்றியிடமிருந்து நம்மைக் காப்பாற்ற என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். நம்மிடமிருந்து பன்றியைக் காப்பாற்றவும்தான் என்று அன்றுதான் தெரிந்தது.

இதை அவர் எனக்கு முழுதாக விளக்கியது களியக்காவிளை பஸ் ஸ்டாண்டில். எல்லைப் பக்கத்துப் பண்ணைகளுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் சாயாக் கடையில் நின்றோம். ஒரு பக்கம் திருவனந்தபுரம் போகிற பஸ், ஒரு பக்கம் நாகர்கோவில் போகிற பஸ். கடைக்காரர் ஒரே மூச்சில் ஒருவரிடம் மலையாளத்திலும் அடுத்தவரிடம் தமிழிலும் சில்லறை கேட்டார்.

"பன்னியோட மூச்சுக்குழாய் இந்த ஸ்டாண்டு மாதிரி ஆன்றோ" என்றார் டாக்டர். "சளிக்காய்ச்சல் வைரஸ் நம்ம உடம்புக்குள்ள நுழையணும்னா செல்லுக்கு மேல ஒரு பிடி வேணும். அதைப் புடிச்சுத்தான் உள்ள ஏறும். தாரா வாத்துல ஏறுத வைரஸுக்கு ஒரு மாதிரிப் பிடி, மனுஷனுல ஏறுததுக்கு வேற மாதிரி. அதனாலதான் தாராவுக்கு வர்ற காய்ச்சல் நமக்கு லேசுல ஒட்டாது. பன்னிக்கு ரெண்டு பிடியும் இருக்கு. ரெண்டு பஸ்ஸும் நிக்கும்."

"ரெண்டும் ஒரே நேரத்துல வந்தா?"

"அதுதான் நமக்குச் சோறு போடுது. இந்த வைரஸோட மரபுப்பொருள் ஒரே கயிறா இருக்காது, எட்டுத் துண்டு. ரெண்டு வைரஸ் ஒரே செல்லுக்குள்ள போச்சுன்னா வெளிய வரும்போது துண்டுகள் மாறிப்போகும். நெரிசல்ல ஒருத்தன் பையை இன்னொருத்தன் எடுத்திட்டுப் போற மாதிரி. பாதி தாரா, பாதி மனுஷன்னு புதுசா ஒண்ணு. அது நம்ம யாரு உடம்புக்கும் பழக்கமில்லாதது. எப்பவும் அப்படி ஆகும்னு இல்ல, எப்பவோ ஒருக்கதான். அந்த ஒருக்கலுக்காகத்தான் நாம ஊர் ஊரா கயிறு கெட்டுறோம்."

அறுவடை முடிந்த தோவாளை வயல்களில் தாராக் கூட்டங்கள் இறங்கும்போது அங்கேயும் போவோம். தாராவுக்கு மூக்கில் இல்லை, பின்பக்கத்தில் குச்சி. வைரஸைச் சுமந்துகொண்டே அது பாட்டுக்கு நீந்தும், மேயும், சீக்கு ஒன்றும் தெரியாது. அதன் எச்சம் விழுந்த தண்ணீரைப் பன்றி குடித்தால்தான் கதை மாறும். வேலை முடிந்து டாக்டர் வீட்டுக்குப் போனால், அவர் பின்கட்டில் குளித்து உடை மாற்றும் வரை அவர் அம்மை யாரையும் அடுக்களைப் பக்கம் விடமாட்டார். பிறகு எனக்கும் சேர்த்து உளுந்தங்கஞ்சி ஊற்றுவார். "பன்னிக்கு எப்பிடி இருக்கு?" என்று, சொந்தக்காரரை விசாரிப்பதுபோல் முகத்தைச் சுளிக்காமல் கேட்பார்.

இனி ரோஸ்லெட் அக்காவின் பண்ணையைப் பற்றி.

கருங்கலுக்கு வெளியே ரப்பர் மரங்கள் நிற்கும் ஒரு சரிவில் இருந்தது அது. கணவர் வளைகுடாவில். பண்ணையை அக்கா தனியாகத்தான் நடத்தினார். ஓட்டல்களிலிருந்து வரும் மிச்சச் சோற்றைப் பெரிய அண்டாவில் கொதிக்கவைத்துத்தான் தீனி போடுவார். கழுவிவிட்ட தரை எப்போதும் ஈரமாக இருக்கும். சரிவின் கீழே ஒரு சிறு குளம், அதையொட்டி வளர்ந்த பன்றிகளின் கொட்டகை. மேலே, வீட்டை ஒட்டி, குட்டி போடும் தாய்ப்பன்றிகளுக்கான சிறு அறைகள்.

மழைக்காலத்தில் அந்தப் பகுதி முழுக்கக் காய்ச்சல் பரவியது. பக்கத்து வீட்டு ஞானதாஸ் ஐயாவின் பேத்தி அபிஷா, ஆரம்பப் பள்ளியில் படிக்கிற பிள்ளை, மூச்சுத் திணறி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாள். பரிசோதனைச் சீட்டில் இருந்ததை மருத்துவமனையில் யாரோ பேச்சு வழக்கில் பன்றிக்காய்ச்சல் என்றார்கள். அது இப்போது மனிதரிடமிருந்து மனிதருக்கு ஆண்டுதோறும் வந்துபோகிற சாதாரணக் காய்ச்சல்தான், பெயர் மட்டும் பழையது. ஆனால் ஊர் அந்தப் பெயரைத்தான் கேட்டது. கேட்டுவிட்டு ரோஸ்லெட் அக்காவின் வேலியைப் பார்த்தது. அதே வாரம் அக்காவின் பன்றிகளும் இருமத் தொடங்கியிருந்தன.

நாங்கள் போய்ச் சேரும்போது சரிவில் ஜேசிபி நின்றது. ரப்பர் மரங்களுக்குப் பின்னால் குழி வெட்டி முடித்திருந்தார்கள். சுகாதார அலுவலர் எங்களைப் பார்த்ததும் சங்கடப்பட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது. ஒரு பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடக்கிறது, ஊர் கூடி நிற்கிறது. "முன்னெச்சரிக்கையா வெட்டி வச்சிருக்கு டாக்டர். உங்க ரிசல்ட் வரட்டும். ஆனா ரொம்ப நாள் என்னால ஊரைப் புடிச்சு நிறுத்த முடியாது" என்றார்.

அடுத்த சில நாட்களில் பிள்ளை தேறி வீட்டுக்கு வந்துவிட்டாள் என்பது ஒன்றுதான் ஆறுதல்.

ரோஸ்லெட் அக்கா அண்டாவுக்குத் தீ போட்டுக்கொண்டிருந்தார். டாக்டரைப் பார்த்து எழுந்திருக்கவில்லை.

"எல்லாத்தையும் கொன்னுருவியளா?"

டாக்டர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "பொய் சொல்ல மாட்டேன் அக்கா. தாராவுல இருந்து வந்ததோ, துண்டு மாறின புது வைரஸோ இதுகளுக்குள்ள இருந்தா கொல்லத்தான் வேணும். அப்ப நானும் வந்து அந்தக் குழிக்கிட்ட உங்க கூட நிப்பேன். சாதாரணக் காய்ச்சல்னா இதுகளே ஒரு வாரம் பத்து நாளுல தேறிரும். எதுன்னு தெரியற வரைக்கும் ஒரு பன்னியும் வெளிய போகக் கூடாது. யாரும் உள்ள வரக் கூடாது."

"அப்ப தீனியாவது போடட்டுமா? குழிக்குப் போற பன்னிக்கும் பசிக்கும்லா."

டாக்டர் சிரிக்கவில்லை. அகப்பையை எடுத்து அக்காவோடு சேர்ந்து கிளறினார்.

கயிறு கட்டினோம். பிறகு வழக்கம்போல டாக்டர் நின்றார். வெகுநேரம் நின்றார். குளத்தை ஒட்டிய கொட்டகையில் ஓர் இருமல்கூட இல்லை. இருமல் எல்லாம் மேலே, வீட்டை ஒட்டிய தாய்ப்பன்றி அறைகளில்தான். பால்குடிக் குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து சுருண்டு கிடந்தன.

"தாராவோ கொக்கோ கொண்டுவந்திருந்தா கீழ, தண்ணிப் பக்கம்லா தொடங்கியிருக்கணும்?" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். "இது மேல தொடங்கியிருக்கு. இந்த அறைக்குள்ள யாரெல்லாம் வருவா?"

அக்கா மட்டும்தான் வருவார்.

"அக்கா, உங்களுக்குக் காய்ச்சல் இருந்துதா?"

"எனக்கு ஒண்ணும் இல்ல. நான் நல்லாத்தான் இருக்கேன்."

மூன்றாம் முறை கேட்டபோதும் அதே பதில்தான். டாக்டர் வற்புறுத்தவில்லை. மாதிரிகளை நான் ஆய்வகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். பன்றிகளுக்குச் சளிக்காய்ச்சல் என்பது மட்டும் உடனே தெரிந்தது. அது எந்த வழியில் வந்தது என்று சொல்ல வைரஸின் எட்டுத் துண்டையும் படிக்க வேண்டும். அதற்கு மாதிரி வெளிமாநிலத்துக்குப் போயிற்று.

காத்திருந்த நாட்களில் தினமும் போனோம். ஒரு காலையில் ஒரு தாய்ப்பன்றி குட்டி போட்டுக்கொண்டிருந்தது. ஒரு குட்டி துணிபோல் துவண்டு விழுந்தது. மூச்சு இல்லை. அக்கா யோசிக்கவே இல்லை. ஒரு கையால் தூக்கி, வாயிலும் மூக்கிலும் இருந்த கொழகொழப்பை விரலால் வழித்து எறிந்து, முகக்கவசத்தை இறக்கி, கைவிரல்களை மடக்கிக் குழல்போலாக்கிக் குட்டியின் மூக்கில் வைத்து ஊதினார். நிறுத்தி, நெஞ்சைத் தேய்த்து, மறுபடி ஊதினார். குட்டி ஒரு காலை உதறியது. பிறகு கீச்சென்று கத்தியது.

குட்டி தாயின் மடியைத் தேடிப் போனதும் டாக்டர் கேட்டார்.

"எல்லாப் பெறப்புக்கும் இப்பிடித்தான் ஊதுவியளா அக்கா?"

"எங்க மாமி செய்வாவ. ஊதிப் பொழைச்ச குட்டிய நாங்க விக்க மாட்டோம். கோயில் திருநாளுக்கு நேர்ந்து விட்டிருவோம்." சொல்லி முடித்த பிறகுதான் டாக்டரின் முகத்தைப் பார்த்தார். பார்த்ததும் புரிந்துவிட்டது. கையைச் சேலையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"போன பெறப்புக்கு ஊதச்சில எனக்குக் காச்சலு" என்றார். "தீயாட்டு அடிச்சு. ஆனாலும் கண்ணு முன்னால சாவவிட முடியாதுல்லா."

"இதை அன்னைக்கே சொல்லியிருந்தா ஊருக்குச் சொல்லி நிறுத்தியிருக்கலாமே அக்கா. உங்களுக்கு முதல்ல வந்துதுன்னா, பன்னி கொண்டுவரலைன்னு ஆயிருமே."

அக்கா வேலிப் பக்கம் பார்த்தார். வேலிக்கு அப்புறம் ஞானதாஸ் ஐயாவின் ஓட்டுக்கூரை.

"எனக்கு எங்க இருந்து வந்துதுன்னு கேப்பாவல்லா? அபிஷாவுக்குக் காச்சல் தொடங்கினப்ப அவ அம்மை பிரசவத்துக்குப் போயிருந்தா. நான்தான் மடியில போட்டுக் கஞ்சி குடுத்தேன். அதுக்குப் பொறவுதான் எனக்கு. அந்தப் பிள்ளைய இப்பவே பள்ளியில பன்னின்னு கூப்புடுதாவளாம். இனி பன்னிக்கும் அவதான் குடுத்தான்னு நான் சொல்லவா?"

நான் ஐஸ் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெட்டின குழி அங்கிருந்தே தெரிந்தது. மழைத் தண்ணீர் பாதிக்கு நின்றது. அந்தக் குழியை மூட இவர் கையில் ஒரு வார்த்தை இருந்திருக்கிறது. இத்தனை நாளும் அதைச் சொல்லாமல் அண்டாவுக்குத் தீ போட்டிருக்கிறார்.

டாக்டர் சொன்னார்: "சொல்லாண்டாம் அக்கா. ரிசல்ட் பேசட்டும்."

மறுநாள் மருந்துக்கடையிலிருந்து, கைக்குழந்தைகளுக்கு மூக்குச்சளி உறிஞ்சும் ரப்பர் பம்பு ஒன்று வாங்கி வந்து அக்காவிடம் கொடுத்தார். "இனி இதால ஊதுங்க. குட்டியும் பொழைக்கும்." அக்கா அதை அழுத்திப் பார்த்தார். "கொள்ளாம். நல்ல சாமான். மாமிக்கு இது கிட்டல்ல" என்றார்.

முடிவு வந்த அன்று பள்ளிக்கூடத்தில் ஊர்க்கூட்டம். டாக்டர் வண்டியில் வரும்போதே ஒருமுறை சத்தமாகப் பேசிப் பழகிக்கொண்டார்.

ஞானதாஸ் ஐயா முதலில் எழுந்தார். பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குரல் கடைசி சீட்டு வரை போகும்.

"நான் முப்பது வருசம் டிக்கெட் கிழிச்சவன். டிக்கெட் இல்லாம ஏறினவனை எந்த ஸ்டாப்புன்னாலும் இறக்கி விட்டுருக்கேன். பன்னிக்காச்சல் எப்பிடி எங்க பிள்ள மேல ஏறிச்சு? எனக்கு அது தெரியணும். அதுக்குப் பொறவு குழி மூடுதா தொறக்குதான்னு பாப்போம்."

"நியாயமான கேள்வி ஐயா" என்றார் டாக்டர். "எந்த ஸ்டாப்புல ஏறிச்சுன்னுதான் நானும் ரிப்போர்ட்டுல பாத்தேன். இந்தப் பன்னிகளுக்குள்ள இருக்கிற வைரஸ் எட்டுத் துண்டும் மனுஷங்களுக்குள்ள இப்ப சுத்திட்டிருக்கிற வைரஸ்தான். தாராவோட துண்டு ஒண்ணுகூட இல்ல. பன்னிங்களுக்குள்ளேயே காலங்காலமா இருக்கிற வைரஸோட துண்டும் இல்ல. அது மனுஷன்ல ஏறிச்சு, பன்னியில இறங்கிச்சு. நம்ம பிள்ளைகளுக்குப் பன்னி தரல. பன்னிக்கு நாமதான் குடுத்திருக்கோம்."

கூட்டத்தில் ஒரு முனகல். யாரோ ஞாயிற்றுக்கிழமை இறைச்சி வாங்கலாமா என்று கேட்டார்கள். நன்றாக வெந்த இறைச்சியில் இந்தக் காய்ச்சல் வராது என்று டாக்டர் சொன்னார். பிறகு தனக்குச் சாதகமில்லாததையும் அவரே சொன்னார்.

"பன்னிகிட்ட இருந்து திரும்ப மனுஷனுக்கு வரவே வராதுன்னு நான் சொல்ல மாட்டேன். வரலாம். அதனாலதான் ரோஸ்லெட் அக்கா பண்ணையைப் பூட்டி வச்சிருக்கோம். இருமல் நின்னு, மறுபடி டெஸ்ட் பண்ணி, சுத்தம்னு வந்த பிறகுதான் திறப்போம். ஆனா கொல்லுறதுக்குக் காரணம் இல்ல."

பின்னாலிருந்து ஓர் இளவட்டம் கேட்டான்: "எந்த மனுஷன் குடுத்தான்னு சொல்லுங்க டாக்டர்."

ரோஸ்லெட் அக்கா பெஞ்சின் ஓரத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"ரிப்போர்ட்டுல ஆள் பேரு இருக்காது தம்பி" என்றார் டாக்டர். "மழை தொடங்கினதுல இருந்து இந்த ஊர்ல இருமாதவங்க யாராவது இருந்தா கை தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை. கேட்டவனே ஒருமுறை இருமினான். ஜனங்கள் சிரித்தார்கள்.

ஞானதாஸ் ஐயா சிரிக்கவில்லை. நின்றபடியே ரோஸ்லெட் அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளையின் தலை யாருடைய மடியில் கிடந்தது என்று அவருக்குத் தெரியும். அந்த மடிக்காரி இத்தனை நாள் ஏன் வாய் திறக்கவில்லை என்று அவர் கணக்குப் போட்டுச் சேர்ப்பதை நான் அந்த முகத்தில் பார்த்தேன். டாக்டரும் பார்த்தார், உடனே கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். பெரியவர் தோள்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"அப்ப குழிய மூடிரட்டும்" என்று சொல்லி உட்கார்ந்தார்.

குழியை முழுதாக மூடவில்லை. முக்கால்வாசி மண் போட்டதும் அக்கா நிறுத்தச் சொல்லி, உரம் போட்டு ஏத்தன் வாழை வைத்தார். தண்ணீர் நின்றால் கொக்கும் தாராவும் வரும், சீக்கிரம் மூடுங்கள் என்று டாக்டர்தான் விரட்டினார். பன்றிகள் ஒவ்வொன்றாகத் தேறின. மறுபரிசோதனைக் கயிறு சுத்தமாக வந்த அன்று, ஒரு தகரத்தில் வெள்ளைப் பெயின்ட் அடித்து நானே எழுதி வாசலில் மாட்டினேன்: சளி உள்ளவர்கள் உள்ளே வர வேண்டாம். டாக்டர் எழுத்தைப் பார்த்துவிட்டு, "இதை நீங்கதான் எழுதணும்னு இருந்திருக்கு" என்றார். குழித்துறைப் பக்கத்து வாசலில் என்னை நிறுத்தியது அவருக்கும் ஞாபகம் இருந்தது.

திட்டம் மூடப்படுவதற்கு முன், மாட்டியிருந்த கயிறுகளை அவிழ்க்கக் கடைசியாக அங்கே போனோம். வாழைக்கன்றுகள் புது இலை விட்டிருந்தன. அறைக்குள் நான் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது வாசலில் பேச்சுச் சத்தம் கேட்டது. ஞானதாஸ் ஐயா அபிஷாவின் கையைப் பிடித்தபடி தகரத்துக்கு அப்புறம் நின்றார்.

"வெளிய எதுக்கு நிக்கிய? உள்ள வாருங்க" என்றார் ரோஸ்லெட் அக்கா.

"இல்ல பிள்ளே. இவளுக்கு நேத்துல இருந்து மூக்கு ஒழுகுது. ஊதுன குட்டியப் பாக்கணும்னு ஒரே அழுகை. இஞ்ச நின்னு பாத்துட்டுப் போறோம்."

"பாட்டா, நான் மூக்கைப் பொத்திக்கிடுதேன்" என்றாள் அபிஷா.

"ஏட்டி, பொத்தினாலும் ஆவாது. போர்டுல என்ன எழுதிருக்கு? வாசி."

அவள் ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து வாசித்தாள். அக்கா உள்ளே போய், இப்போது தூக்கவே கனக்கிற அந்தக் குட்டியை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துத் தூக்கிவந்து, வாசலுக்குத் தூரத்திலேயே நின்று, பிள்ளைக்குத் தெரியும்படி உயர்த்திக் காட்டினார். டாக்டர் ஓடிப்போய் அதன் பின்னங்காலைத் தாங்கிப் பிடித்தார்.